என் விரலில் இருந்த சத்தம்

பினாங்கிலிருந்து ஹனீபா போன் செய்தபோது நான் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு பொறுக்கிக்கொண்டு இருந்தேன். ஹனீபா என் அக்கா ஜுலேகாவின் மகன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அம்மா உங்களத்தான் கேக்கறாங்க சின்னம்மா. வேற யாரையும் கேக்கல" என்றான். கையில் எடுத்த கருவாட்டைத் திரும்பக் கூடையில் போடுவதா, வாங்குவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இரண்டு பங்காக வாங்கினேன். அக்காவுக்கு நம் பக்கத்துக் கருவாடு என்றால் உயிர்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. அஞ்சாவது வரைக்கும் படிப்பு. உம்ரா யாத்திரை போவதற்காக எடுத்த பாஸ்போர்ட் ஒன்று பீரோவில் கிடந்தது. என் வீட்டுக்காரர் அந்த வருஷமே மவுத்தாகிவிட்டதால் அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. பிளேனை நான் ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பிளேன் பயம் இல்லை. மனுஷர்கள் முன்னால் வாயைத் திறக்கத்தான் பயம். பக்கத்து வீட்டில் உப்பு வாங்க வேண்டும் என்றாலும் மருமகளைத்தான் அனுப்புவேன்.

அந்த வாரம் எங்கேயோ குண்டு வெடித்து ஜனங்கள் செத்துப்போன செய்தி டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. போட்டதையே போட்டார்கள். என் மகன் யூசுப் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் பெட்டி கட்டும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ம்மா, போர்காவ பொட்டிக்குள்ள வெச்சிரு. பொடவையோட போ. முக்காடு மட்டும் போதும்."

"ஏன்டா?"

"நேரம் சரியில்லம்மா. இன்னா பேஜாரு பண்ணுவானுங்களோ யாருக்குத் தெரியும். அங்க எறங்கினதும் போட்டுக்க."

கல்யாணமான நாளிலிருந்து போர்கா இல்லாமல் நான் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. மறுநாள் காலையில் காரில் ஏறும்போது தெருவே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. யூசுப் சொன்னதும் அதற்காகத்தானே.

மாமல்லபுரம் தாண்டுவதற்குள் டயர் பஞ்சர். கார் ஓட்டிவந்தவன் யூசுப்பின் கூட்டாளி. அவன் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மச்சான், ஸ்டெப்னிலயும் காத்து இல்லடா" என்றான். யூசுப் அவனைத் திட்டிய திட்டை எழுத முடியாது.

ரோட்டோரம் ஒரு சிற்பக் கொட்டகை. மிஷின் சத்தமும் உளிச் சத்தமும் கல் தூசியுமாக இருந்தது. அங்கிருந்த பெரியவர் செதுக்கி முடிக்காத ஒரு கல்லைக் கையால் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். நான் தயங்கினேன்.

"சும்மா ஒக்காரும்மா. இன்னும் சாமி ஆவல அது. எங்க பயணம்?"

நான் சொல்லாமல் யூசுப்பைப் பார்த்தேன். அவன் சொன்னான்.

"மலேசியாவா! எங்க புள்ளையாரு ஒருத்தரு போன மாசம்தான் அங்க போனாரு. பொட்டியில படுத்துகினு, சுத்தி வைக்கோலு வெச்சிகினு, கப்பல்ல. நீ ஒக்காந்துகினு போற, அதுவும் பிளேன்ல. குடுத்து வெச்சவம்மா நீ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். டூரிஸ்டுகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு வேன்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போய் ஏர்போர்ட்டில் விட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாராவது படுத்த படுக்கையாகிவிட்டால் ஆண்டவனுடைய பேர் ஒன்றை ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் தடவை ஓதுவோம். ஒருவரால் ஆகாது என்பதால் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம். அக்காவுக்காக என் பங்கு ஐயாயிரம். முன்பெல்லாம் மணி மாலையை உருட்டித்தான் எண்ணுவோம். இப்போது விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்ளும் சின்ன எண்ணும் மிஷின் வந்துவிட்டது. ஒரு தடவை ஓதி ஒரு தடவை அமுக்கினால் டிக் என்று ஒரு நம்பர் ஏறும். மணி மாலையைப் பார்த்தால் யாராவது எதாவது நினைப்பார்கள் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு இந்த மிஷினை மாட்டிக்கொண்டு வந்தேன். ஏர்போர்ட்டில் சோதனை போட்ட பெண் அதைத் தட்டில் வைத்து, ஸ்கேன் மிஷினுக்குள் விட்டு எடுத்து, என் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிளேனில் எனக்கு நடு சீட்டு. ஜன்னல் பக்கம் தலை நிறைய மல்லிகைப் பூவோடு ஒரு அம்மா. மெட்ராஸ்காரர், மகளைப் பார்க்கப் போகிறார். உட்கார்ந்ததுமே எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். "காது அடைக்கும், வாயில போட்டுக்குங்க." வழிப் பக்கம் ஒரு பிள்ளை, முப்பது வயது இருக்கும். தாடி மார்பு வரைக்கும், தலைமுடி தோள் வரைக்கும். நான் பெல்ட் மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டு இருந்ததைப் பார்த்து அவனே மாட்டிவிட்டான்.

"எந்த ஊரு பாட்டிம்மா?"

"புதுப்பட்டினம்" என்றேன், மெதுவாக.

"அட, நான் கருங்குழி. பேரு சரவணன். எங்க பெரியப்பா மவன் உங்க ஊருப் பக்கம் கரண்டு பிளாண்ட்லதான் வேலை."

அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முகமெல்லாம் வேர்வை. நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தான். நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்துகொண்டானோ என்னவோ, அவனே சொன்னான். பெண்டாட்டி பினாங்கில் வேலை செய்கிறாள், அவனும் அங்கேதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பத்து நாளைக்கு ஊருக்கு வந்தான். குழந்தைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நம்பி வந்தான். "காலையிலேர்ந்து வலி எடுத்துகினு கீது பாட்டிம்மா. அவ ஒண்டியா கீறா." மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். அவன் அம்மா இடித்துக் கொடுத்த பிரசவ மருந்தும் பிள்ளைக்கு வசம்பும் அதில் இருக்கிறதாம். தாடியைத் தடவிக்கொண்டே, "புள்ள மொகத்தப் பாத்துட்டுத்தான் இத எடுக்கணும். எங்கம்மா கண்டிசனு" என்றான்.

பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பல குடும்பங்களில் வழக்கம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் அந்தப் பெண்ணுக்காகவும் துஆ செய்துவிட்டு, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு ஓத ஆரம்பித்தேன். டிக். டிக். டிக்.

கதவைச் சாத்தினார்கள். பிளேன் பின்னால் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் நின்றது. பின் சீட்டில் இருந்த பெண் விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அப்புறம் குரல் ஏறியது.

"அந்தத் தாடிக்காரன்கிட்டேர்ந்து டிக் டிக்னு சத்தம் வருது. எவ்ளோ நேரமா கேட்டுட்டு இருக்கேன். அவன் மூஞ்சியப் பாருங்க, எப்படி வேர்த்து ஊத்துது. பைய விடவே மாட்டேங்கறான்."

என் கை நின்றுவிட்டது.

"பாருங்க! சத்தம் நின்னுடுச்சு! நான் சொன்னதும் நிறுத்திட்டான்!"

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் என்றால், முந்தானைக்குள்ளேயே அந்த மிஷினைக் கழற்றி இடுப்பில் இருந்த சுருக்குப் பைக்குள் தள்ளினேன்.

பணிப்பெண் நம் ஊர்ப் பெண்தான், தமிழில் பேசினாள். பையைத் திறக்கச் சொன்னாள். சரவணன் திறந்தான். பழுப்பு நிறத்தில் பொடிப் பொட்டலங்கள். ஒன்று பிரிந்து கொட்டியிருந்தது.

"எங்கம்மா குடுத்த பிரசவ மருந்துங்க. சுக்கு, மெளகு, திப்பிலி..."

"பவுடர்! பவுடர் வெச்சிருக்கான்!" என்று நாலு வரிசைக்குப் பின்னால் ஒரு ஆள் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் எல்லோருமே எழுந்தார்கள். குழந்தைகள் அழுதன. பைலட் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ஜன்னல் அம்மா என் காதில், "திரும்பிப் போறோமாம். போலீஸ் வருதாம்" என்றார். அவர் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. ஜில்லென்று இருந்தது.

பிளேன் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. துப்பாக்கியோடு மூன்று பேர் ஏறினார்கள். பெரிய ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. பாஸ்போர்ட்டில் சரவணன் முழுக்க மழித்த முகத்தோடு இருந்தான். படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் முடி எடுக்காததற்குக் காரணம் சொன்னான். பணிப்பெண் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். ஆபீசர் புருவத்தைத் தூக்கினார். அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பிளேனில் பாதிப் பேர் தமிழர்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் அண்ணனும் மாமனும் இதே மாதிரி தாடி வளர்த்திருப்பார்கள். "ஆமாம் சார், அப்படி ஒரு வழக்கம் இருக்கு" என்று ஒரு வாய் சொல்லவில்லை. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"பேரு சரவணன்னு இருக்கே" என்றார் யாரோ.

"பேர மாத்திக்கிட்டு வர மாட்டானுங்களா?" என்றாள் பின் சீட்டுப் பெண்.

அப்போதுதான் சரவணன் என் பக்கம் திரும்பினான். "இந்தப் பாட்டிம்மாவக் கேளுங்க சார். பக்கத்துலயேதான் இருந்தாங்க. எல்லாம் சொல்லிகினுதான வந்தேன். பாட்டிம்மா, சொல்லுங்க. என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருக்குன்னு சொல்லுங்க."

எல்லாக் கண்ணும் என் மேல். நான் குனிந்து என் கால் விரலைப் பார்த்தேன்.

வெட்கம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பாதி அதுதான். மீதிப் பாதி கணக்கு. சத்தம் என்னுடையது என்று சொன்னால் என்னை இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டால் அக்காவைப் பார்க்க முடியாது. சும்மா இருந்தால் சாயங்காலம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். இது அவ்வளவும் எனக்கு அந்த ஒரு நொடியில் தெளிவாகத் தெரிந்தது. யோசிக்கத் தெரியாத கிழவி இல்லை நான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையை முறுக்கவில்லை, அடிக்கவில்லை. சட்டைக் காலரை மட்டும் ஒருவர் பிடித்திருந்தார். அவன் கதவைத் தாண்டியதும் பிளேனில் கை தட்டினார்கள். கல்யாண வீட்டில்கூட அப்படிக் கை தட்டி நான் கேட்டதில்லை.

ஜன்னல் அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "பயந்துட்டீங்களாம்மா? உங்க பக்கத்துலயே உக்காந்து, உங்களுக்கு பெல்ட் வேற மாட்டிவிட்டு... யார நம்பறது சொல்லுங்க. இவனுங்களை எல்லாம் நம்ம கூட ஏத்தவே கூடாது" என்று சொல்லி இன்னொரு மிட்டாயைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நம்ம கூட என்றார். என்னையும் சேர்த்து.

அந்த மிட்டாயைப் பார்த்தேன். நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ ஆகியிருக்கும். எழுந்தேன். பெல்ட் இழுத்தது. கழற்றத் தெரியவில்லை. உட்கார்ந்தபடியே சுருக்குப் பையைத் திறந்து மிஷினை எடுத்துக் கையைத் தூக்கினேன்.

"சத்தம் இதுலேர்ந்து வந்தது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அமுக்கினேன். டிக்.

பின் சீட்டுப் பெண் போட்ட அலறலை மறக்க முடியாது. ஜன்னல் அம்மா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். "நான்தான் அமுக்கினேன். எங்கக்காவுக்கு ஓதிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைய விட்டுடுங்க" என்று சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது. பணிப்பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பேரைப் படித்தாள். மைமூன் பீவி. பின் வரிசை வரைக்கும் அந்தப் பேர் வாய் வாயாகப் போவது கேட்டது.

"ரெண்டு பேரும் கூட்டு!"

"பாட்டி வேஷத்துல அனுப்பியிருக்கானுங்க."

ஒரு ஆம்பிளைக் குரல், நிதானமாக, படித்தவர் குரல் சொன்னது. "போர்கா போடாம வந்திருக்காங்க பாருங்க. அதுலயே தெரியலயா?"

என் மகன் எனக்குக் காவலாக எடுத்த முடிவு அது. அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எனக்குத் திக்கென்றது. இன்னும் அந்தத் திக் போகவில்லை.

கீழே ஒரு அறையில் என்னையும் சரவணனையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். தமிழ் தெரிந்த ஒரு ஆபீசர் வந்தார். மிஷினை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார், பேட்டரியைக் கழற்றினார், சிரித்தார். "எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பாய் வெச்சிருக்காரு இது. இத ஏன் பாட்டி ஒளிச்சு வெச்சீங்க?"

"பயம் சார்."

"ஒளிச்சதாலதான் இவ்ளோவும்."

எங்கள் பெட்டிகளையும் இறக்கினார்கள். மோப்ப நாய் ஒன்று வந்தது. சரவணன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் பெட்டியிடம் வந்தது, நகரவே இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு நக்க ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். திறந்தால் கருவாடு. நாயைப் பிடித்திருந்தவர் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்துப்போனார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பத்தே நிமிஷத்தில் தப்பு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திரும்ப ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆபீசர் போனில் பேசிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பேசஞ்சருங்க ஒத்துக்கலையாம். நீங்க ரெண்டு பேரும் ஏறினா அவங்க எறங்கிடுவாங்களாம். நாளைக்கு இதே டயத்துக்கு இருக்கற பிளேன்ல போட்டுத் தரச் சொல்லியிருக்கேன்."

"சார், தப்பு இல்லன்னு நீங்களே சொல்றீங்க" என்றான் சரவணன்.

"தப்பு இல்லதான்" என்றார் அவர்.

நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் கண்ணாடி வழியாகப் பிளேன்கள் ஏறுவது தெரிந்தது. அதில் எது எங்களுடையது என்று தெரியவில்லை. சரவணன் ஒரு மணி நேரம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் இரண்டு டீயும் ஒரு தட்டில் இட்லியும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தான். நம் ஊர் இட்லி மாதிரி இல்லை, ரப்பர் மாதிரி இருந்தது.

"சாப்பிடுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னலயே."

சாப்பிட்டேன்.

"நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல பாட்டிம்மா."

"ஆமாம்பா."

"உங்களையும் ஏத்தியிருப்பானுங்களோ என்னவோ. அவனுங்க அவ்ளோ சூடாவறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னையாவது விட்டிருப்பானுங்க."

"ஆமாம்பா" என்றேன் மறுபடியும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயைக் குடித்தான்.

நாலு மணி வாக்கில் அவன் போன் அடித்தது. பெண் குழந்தை. வீடியோவில் ஒரு நர்ஸ் காட்டினாள். துணியில் சுற்றி, சிவப்பாக, கண்ணை மூடிக்கொண்டு இருந்தது. அவன் போனைத் தடவினான், திரும்பத் திரும்பத் தடவினான். என்னிடமும் காட்டினான். "மாஷா அல்லாஹ்" என்று என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டு உடனே சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். அவனும் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி இல்லை, தலைமுடியை இழுத்துப் பின்னால் கட்டியிருந்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் ரத்தக் கீறல்.

"நேர்ல பாத்துட்டுத்தான எடுக்கணும்?" என்றேன்.

"பாஸ்போர்ட்டுல இருக்கற மாரியே இருந்தாத்தான் நாளைக்கி விடுவானுங்க" என்றான். அவ்வளவு மாதம் வளர்த்ததை ஏர்போர்ட் கக்கூஸில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவன் அம்மாவிடம் போனில் பேசும்போது அதைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

யூசுப் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். நான் நகரவில்லை. வீட்டுக்குப் போனால் திரும்ப இந்த வாசலை மிதிக்கத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். பினாங்குக்கு அவன்தான் போன் செய்து, பிளேன் கோளாறு, நாளைக்கு வருவாங்க என்று சொன்னான். நடந்ததைச் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பிளேனில் சரவணன் எனக்கு வெகு முன்னால் உட்கார்ந்திருந்தான். என் வரிசைக்கு எதிர்ப்பக்கம் தொப்பியும் தாடியுமாக ஒருவர். எங்கள் ஆள்தான், பார்த்தாலே தெரிந்தது. அவர் மேலே இருந்த பெட்டியை ஒரு தடவை திறந்தார், மூடினார். மறுபடி எழுந்து திறந்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவருக்காகப் பயப்படுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். யாராவது கத்திவிடுவார்களோ, இறக்கிவிடுவார்களோ என்று. மூன்றாம் தடவை அவர் எழுந்தபோது என் கை தலைக்கு மேல் இருந்த அந்தக் கூப்பிடும் பொத்தானைத் தேடிப் போனது. அப்போதுதான் தெரிந்தது. நான் பயந்தது அவருக்காக இல்லை. அவரைப் பார்த்து. அவர் ஒரு கழுத்துத் தலையணையை எடுத்து மாட்டிக்கொண்டு தூங்கிப் போனார். நான் அந்த வழி முழுக்க என் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

பினாங்கு ஏர்போர்ட்டில் பெரிய பெண்களும் சின்னப் பெண்களும் தலைத் துணியோடு வேலை பார்க்கிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள். என்னை ஒருவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து போர்காவை எடுத்து மாட்டிக்கொண்டேன். வெளியே ஹனீபா நின்றான். சலாம் சொன்னான். காரில் ஏற்றினான். பெல்ட்டை மாட்டிவிட்டான். வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"சின்னம்மா, அம்மா விடியக்காலையில சுபுஹுக்கு மவுத்தாயிட்டாங்க. உங்களுக்குச் சொன்னா பிளேன்ல தனியா என்ன ஆவீங்களோன்னு சொல்லல. மத்தியானத் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்ணிட்டோம்."

எனக்கு அழுகை வரவில்லை. எங்களில் இறந்தவர்களின் மையத்தைக் காத்திருக்க வைக்க மாட்டோம், எவ்வளவு சீக்கிரம் அடக்கம் செய்ய முடியுமோ செய்துவிட வேண்டும். அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நேத்து சாயங்காலம் நல்லா நினைவு இருந்துச்சு. வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மைமூன் ஏறிட்டாளான்னு கேட்டாங்க. ஏறிட்டாங்கன்னு சொன்னேன். பொய்தான். அப்படி என்ன கோளாறு சின்னம்மா அந்தப் பிளேன்ல?"

"தெரியலப்பா" என்றேன்.

மூன்றாம் நாள் வீடு முழுக்க ஆட்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களும் சீனக் கிழவர் ஒருவரும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். இங்கே சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் அப்படிச் செய்தால் திட்டு விழும். எனக்கு எதை ஊற்றினாலும் ஒன்றாகத்தான் இருந்தது. ஹனீபாவின் மனைவி நூர், நான் கொண்டுவந்த கருவாட்டை என்ன செய்வது என்று கேட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் வறுத்துப் போடச் சொன்னேன்.

சாயங்காலம் நூர், "வாங்க சின்னம்மா, கபுருக்குப் போயிட்டு வரலாம்" என்றாள். நான் திகைத்துப் போனேன். எங்கள் ஊரில் கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. என் வீட்டுக்காரர் எந்த மரத்தடியில் படுத்திருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, யூசுப்புக்குத்தான் தெரியும். இங்கே பெண்கள் பாய் எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் குடுவையும் பூவும் எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல் போகிறார்கள்.

மண் இன்னும் ஈரமாக இருந்தது. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். நூர் பாயை விரித்து யாசீன் ஓதிவிட்டு, "நீங்க பேசிட்டு வாங்க" என்று தள்ளிப் போய் நின்றாள். யாரும் இல்லாத இடத்தில், மண்ணிடம் பேசவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

சின்ன வயதில் கடையில் எண்ணெய் கேட்பதற்கும் அக்காதான் எனக்காகப் பேசுவாள். டீச்சர் என் பேரைக் கேட்டால் அவள்தான் எழுந்து சொல்லுவாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது என் சம்மதத்தையும் அவள்தான் சொன்னாள்.

மண்ணில் கையை வைத்தேன். நடந்தது அத்தனையையும் சொன்னேன். நான் ஒளித்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கெஞ்சும்போது கால் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்ததைச் சொன்னேன். இந்த இரண்டையும் இது வரைக்கும் யூசுப்பிடமும் சொல்லவில்லை.

"அந்த நாலு நிமிஷம் இருந்த மாதிரியே வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தக் கடைசி ராத்திரி பூரா உன் கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன் அக்கா" என்றேன். "முடியல. எனக்காகப் பேச நீ அங்க இல்ல. நானே பேசிட்டேன்."

தூரத்தில் நூர் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அக்கா எதையாவது கேட்டால் பதில் சொல்லலாம் என்று.